ஆட்டிசம் உள்ள குழந்தையைப் புரிந்துகொள்வதும் அதற்கேற்ப நடந்துகொள்வதும்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு விதமாக அமையும், மூளை வளர்ச்சி சார்ந்த நிலை) என்று மருத்துவர் சொன்ன அன்று இரவே பெரும்பாலான பெற்றோர் கைப்பேசியில் தேடத் தொடங்குவது சிகிச்சையைத்தான். எந்தத் தெரபி நல்லது, எந்த மையம் சிறந்தது, எத்தனை மாதத்தில் பேச்சு வரும் என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. இவை நியாயமான கேள்விகளே. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று முறை, முக்கால் மணி நேரம் மட்டும் தெரபிஸ்டிடம் இருக்கும் குழந்தை மீதி நேரம் முழுவதும் அப்பாவிடமும் அம்மாவிடமும்தான் இருக்கிறது. எதைக் கண்டு அது கலங்குகிறது, எதைக் கேட்கிறது, எந்த வழியில் கேட்கிறது என்பதை வாசிக்கப் பெற்றோர் பழகிக்கொள்ளாத வீட்டில், எவ்வளவு செலவழித்தாலும் பயன் அரைகுறையாகவே கிடைக்கும் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி, இரண்டு வயது முதல் எட்டு ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

படி 1: சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, ஒரு பறவையையோ பேருந்தையோ பார்த்து மகிழ்ந்தாலும் அந்த மகிழ்ச்சியைப் பகிர உங்கள் முகத்தைப் பார்க்காமை, வந்த சில சொற்களும் மறைந்துபோதல் ஆகியவை ஒன்றரை வயதிலேயே கவனிக்கக்கூடியவை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்”, “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் வாயத் திறந்தான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான் என்றாலும், அதைக் கேட்டுக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. பெண் குழந்தைகளிடம் அறிகுறிகள் வேறு விதமாக வெளிப்படுவதால் “கூச்ச சுபாவம்” என்று விட்டுவிடுவதும், கண்டறிதல் தாமதமாவதும் அதிகம்.

முதலில் செவித்திறனைச் சோதித்துவிட வேண்டும். பிறகு வளர்ச்சிக் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரில் ஒருவரை அணுகலாம். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோரே விடையளிக்கும் 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற முதல்நிலைச் சோதனை இருக்கிறது. அது ஐயத்தை மட்டுமே சுட்டும், முடிவைச் சொல்லாது. அரசுத் தரப்பில், மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்காக 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனமும் உள்ளது. அறிக்கை கைக்கு வரும்வரை அடுத்த படிகளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இதில் சொல்லப்படும் எதுவும், பின்னர் ஆட்டிசம் இல்லை என்று தெரியவந்தாலும், எந்தக் குழந்தைக்கும் தீங்கு செய்யாது.

படி 2: பழி தேடுவதை முடித்துக்கொள்ளுங்கள்

கர்ப்ப காலத்தில் சாப்பிட்டது, வேலைக்குப் போனது, சண்டை போட்டது, கைப்பேசியைக் கையில் கொடுத்தது என்று தாயின் மீது பழி விழுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதன்று. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்ட பிறகு, அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அன்பு காட்டாத தாய்மார்களே இதற்குக் காரணம் என்று மருத்துவ உலகில் பரவலாக நம்பப்பட்டது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-இல் அந்தக் கருத்தைச் சான்றுகளோடு மறுத்து, இது மூளை வளர்ச்சி சார்ந்த நிலை என்று வாதிட்டார். மரபுக்கூறுகளின் பங்கு மிகப் பெரியது என்பது இன்று உறுதியாகியிருக்கிறது. தடுப்பூசிக்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இளைய குழந்தைக்குத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். திரை பார்ப்பதால் ஆட்டிசம் வந்துவிடுவதில்லை. ஆனால், பழகுவதற்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பதால் அளவு தேவை.

படி 3: குழந்தையின் புலன்களை அறிந்துகொள்ளுங்கள்

ஒலி, ஒளி, தொடுதல், மணம், சுவை ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, 2013 முதல் ஆட்டிசத்தைக் கண்டறியும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோல்களிலேயே இடம்பெற்றுள்ளது. நமக்குக் காதில் விழாத மின்விசிறியின் முனகல் அந்தக் குழந்தைக்குப் பொறுக்க முடியாததாக இருக்கலாம். அதே குழந்தை கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் அழாமல் எழுந்து ஓடலாம்.

உங்கள் வீட்டையே ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். மிக்ஸி, குக்கர் விசில், தாளிக்கும்போது எழும் நெடி, ஊதுபத்திப் புகை, சட்டைக் கழுத்தில் குத்தும் லேபிள், பட்டுப் பாவாடையின் ஜரிகை, தலைக்கு எண்ணெய் தேய்க்கும் கை, சோற்றில் தட்டுப்படும் கடுகு என ஒவ்வொன்றின்போதும் குழந்தையின் உடல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காதைப் பொத்துகிறதா, ஓடுகிறதா, அல்லது அதைத் தேடிப் போகிறதா? தேடிப் போவதும் ஒரு செய்திதான். சோபாவிலிருந்து ஓயாமல் குதிப்பதும், மெத்தைக்கு அடியில் புகுந்துகொள்வதும், உடலுக்கு அழுத்தமும் அசைவும் தேவைப்படுவதைச் சொல்கின்றன. அந்தக் குழந்தைக்கு ஊஞ்சல், தண்ணீர்க் குடத்தைத் தள்ளச் சொல்வது, கனமான போர்வை போன்றவை உதவலாம்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, விரல்களைக் கண்ணருகே வைத்து அசைப்பது ஆகியவற்றை நிறுத்தச் சொல்லிக் கையைப் பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் குழந்தை கண்டுபிடித்த வழி அது. காயம் ஏற்படாதவரை அதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. “பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க” என்பது போதுமான காரணமன்று.

படி 4: நடத்தையை எழுதிப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டில் மூன்று பத்திகள் பிரித்துக்கொண்டு, கவலை தரும் நடத்தை ஒவ்வொன்றுக்கும் முன்பு என்ன நடந்தது, நடந்தது என்ன, பிறகு என்ன ஆனது என்று எழுதிவர வேண்டும். நேரத்தையும் குறிக்க வேண்டும். “அடம் பிடித்தான்” என்று எழுதக் கூடாது; “தரையில் படுத்து, வலது கையை மணிக்கட்டருகே கடித்தான்” என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதுப் பையன் மாலை ஏழு மணியளவில் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். கைப்பேசி கிடைக்காத கோபம் என்று பாட்டி சொல்கிறார். தாய் எழுதிய நோட்டைப் பார்த்தால், திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய நாள்களில் அது நடந்திருக்கிறது. தந்தைக்கு இரவுப் பணி இருந்த புதன், வெள்ளியில் நடக்கவில்லை. “அப்பாவைப் பிடிக்கவில்லை போலும்” என்று இந்த இடத்திலேயே முடிவுக்கு வந்துவிடுவது எளிது; தந்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல் பத்தியை இன்னும் நுணுக்கமாக எழுதச் சொன்னால் வேறு செய்தி வருகிறது. தந்தை உள்ளே வந்ததும் அழைப்பு மணி ஒலிக்கிறது, டியூப் லைட் எரிகிறது, தொலைக்காட்சி கார்ட்டூனிலிருந்து செய்திக்கு மாறுகிறது. பிறகு அவர் மகனைப் பின்னாலிருந்து தூக்கி, “இன்னைக்கு என்ன பண்ணினே? சாப்டியா? அப்பாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று மூன்று வாக்கியங்களை ஒரே மூச்சில் சொல்கிறார். ஒரு நிமிடத்திற்குள் ஒலி, ஒளி, தொடுதல், பேச்சு ஆகிய நான்கும் அந்தக் குழந்தையின் மீது கொட்டுகின்றன.

பதில் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆறரை மணிக்கே அப்பாவின் புகைப்படத்தைக் காட்டி “அப்பா வர்றாங்க” என்று சொல்லிவிடலாம். அவர் மணியடிக்காமல் சாவியால் திறந்து, முன்புறமாக வந்து, சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். மகன் அருகில் வந்து ஒரு காரை மடியில் வைத்தால் அதுதான் முத்தம். தொலைக்காட்சியை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டால் உலகம் முழுகிவிடாது.

ஒரே நடத்தைக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதையும் நோட்டுதான் காட்டும். கையைக் கடிப்பது ஒரு நாள் பல்வலியாகவும், இன்னொரு நாள் எழுதச் சொன்னதற்கு மறுப்பாகவும், வேறொரு நாள் யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். புதிதாகத் தொடங்கிய எந்த நடத்தைக்கும் முதலில் உடலைப் பாருங்கள். மலச்சிக்கல், காதுவலி, பல், தூக்கமின்மை ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கைகால்தான் வாய். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு வலிப்பு நோயும் இருப்பதால், சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது அடிக்கடி நிகழ்ந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

படி 5: நிலைகுலையும்போது என்ன செய்வது

கடையில் மிட்டாய்க்காக அழும் குழந்தை இடையிடையே உங்களைப் பார்க்கும். மிட்டாய் கிடைத்ததும் அழுகை நிற்கும். மெல்ட்டவுன் என்று சொல்லப்படும் நிலைகுலைவு வேறு வகை. தாங்கும் எல்லை கடந்துவிட்டதால் அது வருகிறது. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, மிரட்டினாலும் நிற்காது. அந்த நேரத்தில் எதையும் கற்பிக்க முடியாது. பேச்சைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, சுற்றி நிற்பவர்களை விலக்கி, தலை மோதும் இடத்தில் தலையணையோ உங்கள் உள்ளங்கையோ வைத்துக் காத்திருப்பதே வேலை. இறுக அணைப்பது சில குழந்தைகளுக்கு இதம். சிலருக்கு அது இன்னொரு தாக்குதல். உங்கள் குழந்தை எந்த வகை என்பது நோட்டில் இருக்கும். அடிப்பது எந்த வகைக்கும் உதவாது.

கல்யாண மண்டபத்துக்குப் போனவுடன் பந்தியைத் தேடுவதற்கு முன் அமைதியான ஓர் அறையையோ மொட்டை மாடியையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளத்துக்கு முன்பே வெளியே போய்விடலாம். “புள்ளைய வளர்க்கத் தெரியல” என்று யாராவது சொன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமன்று. “அவனுக்கு ஆட்டிசம் இருக்கு, கொஞ்சம் இடம் விடுங்க” என்ற ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தால் நடுக்கத்திலும் அது வாயில் வரும். அடங்கிய பிறகு குழந்தை சோர்ந்து கிடக்கும். தண்ணீர் கொடுங்கள், உபதேசம் வேண்டாம்.

படி 6: பேச்சுக்கு முன்னால் தொடர்பு

உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவின் மீது வைக்கும் குழந்தை பேசிவிட்டது. அதற்கு உடனே பதில் கிடைக்க வேண்டும். “பிஸ்கட்” என்று ஒற்றைச் சொல்லைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். “சொன்னாத்தான் தருவேன்” என்று டப்பாவை உயரே பிடித்துக்கொள்வது, கேட்பதே வீண் என்ற பாடத்தைத்தான் கற்றுத்தரும்.

குழந்தை விளையாடுவதிலேயே நுழையுங்கள். கார்களை வரிசையாக அடுக்கினால், ‘இப்படி ஓட்டணும்’ என்று திருத்தாமல் அருகில் அமர்ந்து, அடுத்த காரை எடுத்து நீட்டி, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நம்மவர்களுக்கு இந்த இடைவெளி மிகவும் கடினம். குழந்தை பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் நாம் கேள்வியை மூன்று முறை கேட்டுவிடுகிறோம். கண்ணைப் பார்க்கும்படி முகவாயைத் திருப்ப வேண்டாம்; பல குழந்தைகள் பார்க்காமல் இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கின்றன. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதை அவர்களுக்கே காட்டி, குழந்தை தந்த சிறு குறிப்புகளைக் கண்டுகொள்ளப் பழக்கும் முறை ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களிடம் சோதிக்கப்பட்டது. பயிற்சி அளித்தவர்கள் நிபுணர்கள் அல்லர்; உள்ளூரில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பதிலளிப்பதும், குழந்தை தானாகத் தொடர்புகொள்வதும் கூடின. கைப்பேசியில் ஐந்து நிமிடம் பதிவுசெய்து இரவில் இருவரும் சேர்ந்து பார்ப்பது எந்த வீட்டிலும் முடியக்கூடியதே.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் எக்கோலேலியாவைப் பொருளற்ற உளறல் என்று நினைத்த காலம் இருந்தது. அதற்குப் பொருளும் நோக்கமும் உண்டு என்பதை 1980-களில் பேச்சு-மொழி வல்லுநர் பாரி பிரிசாண்ட் ஆய்ந்து காட்டினார். “தண்ணி வேணுமா?” என்று குழந்தை கேட்டால் அதற்குத் தாகம், தண்ணீர் வரும் முன் எப்போதும் காதில் விழுந்த சொற்றொடர் அதுதான். “தண்ணி குடு” என்று, குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தில் சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுங்கள். பேருந்தில் கேட்ட “டிக்கெட் எடுத்தாச்சா?” என்பதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னால், வெளியே கூட்டிப்போகச் சொல்கிறதா என்று யோசியுங்கள்.

படங்களைக் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் முறை, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவாகித் தமிழிலும் இயங்கும் ஆவாஸ் செயலி போன்ற மாற்றுத் தொடர்பு வழிகளைப் பயன்படுத்தினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் ஆதாரமற்றது. அவை பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்குத் துணையும் செய்கின்றன என்றே ஆய்வுகள் சொல்கின்றன. அதேபோல, “குழந்தை குழம்பிவிடும், இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பாட்டி தாலாட்டும் மொழியிலிருந்து குழந்தையை விலக்குவதற்கு எந்த ஆய்வும் ஆதரவாக இல்லை.

படி 7: நாளுக்கு ஓர் உருவம் கொடுங்கள்

அடுத்து என்ன என்று தெரியாத அச்சமே பல கலக்கங்களுக்கு வேர். பல் துலக்குதல், குளியல், இட்லி, பள்ளி வேன் என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றிப் போடும் அட்டை ஒன்று போதும். பிடிக்காத வேலைக்கு ‘முதலில் குளியல், பிறகு ஊஞ்சல்’ என்ற இரண்டு படங்கள். முடிவெட்டுதல், காதுகுத்து, தீபாவளி வெடி ஆகியவற்றை நாள்களுக்கு முன்பே படமாகக் காட்டிப் பழக்கலாம். மொட்டையடிக்கும் வேண்டுதலை ஓரிரு ஆண்டுகள் ஒத்திவைத்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

வீட்டைவிட்டுத் தனியே வெளியேறிவிடும் பழக்கமும், தண்ணீரின் மீதான ஈர்ப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வாசல் கதவின் மேல் பகுதியில் தாழ்ப்பாள், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி, கழுத்திலோ கையிலோ தொலைபேசி எண் ஆகியவற்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். குழந்தை காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் அருகிலுள்ள நீர்நிலை.

படி 8: அப்பா, அம்மா, வீட்டார்

தாய் முதலில் உணர்கிறார், தந்தை தாமதமாக ஏற்கிறார் என்பது பல வீடுகளில் காணும் நிலை. பகல் முழுவதும் உடனிருப்பவருக்கும் இரவில் ஒரு மணி நேரம் பார்ப்பவருக்கும் தெரியும் குழந்தை ஒன்றாக இருக்க முடியாது. இதை வாதாடித் தீர்க்க இயலாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு நாளும் தந்தை தனியாகப் பார்த்துக்கொண்டு அவரே நோட்டில் எழுதினால் தீரும். தெரபிக்கு அழைத்துச் செல்வது தாய், பணம் கட்டுவது தந்தை என்ற பிரிவினை நீடித்தால் இருவரும் இரண்டு வேறு குழந்தைகளை வளர்ப்பார்கள். இரவுத் தூக்கத்தையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் எதிரிலேயே “இவனுக்கு ஒண்ணும் புரியாது” என்று உறவினரிடம் சொல்லாதீர்கள். பேசாத குழந்தை கேட்காத குழந்தை என்று கொள்ள முடியாது. கூடப் பிறந்தவர்களுக்கு அவர்கள் வயதுக்கேற்ற மொழியில் உண்மையைச் சொல்லுங்கள். வாரத்தில் சிறிது நேரமாவது அவர்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

படி 9: தெரபியையும் மருந்தையும் தேர்ந்தெடுத்தல்

மையத்தில் கேட்க வேண்டியவை சிலதான்: அடுத்த மூன்று மாதத்துக்கு எது இலக்கு, அதை எப்படி அளப்பீர்கள், நான் உள்ளே அமர்ந்து பார்க்கலாமா, வீட்டில் செய்ய எனக்குக் கற்றுத்தருவீர்களா? கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரை வெளியே உட்கார வைக்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆட்டிசத்தை முழுமையாகக் குணப்படுத்துகிறோம் என்று சொல்லும் இடத்தை விட்டு உடனே எழுந்துவிடலாம். உடலிலிருந்து உலோகங்களை அகற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையின்போது 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தை இறந்தது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022-இல் தெரிவித்தது. கோதுமையும் பாலும் இல்லாத உணவுமுறைக்குப் போதிய சான்று இல்லை. தயிர்சாதம் மட்டுமே சாப்பிடும் குழந்தையிடமிருந்து தயிரையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் கடும் எரிச்சலையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும் தணிக்க மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுபவை. ஆட்டிசத்துக்கான மருந்துகள் அல்ல.

படி 10: பள்ளி, சான்றிதழ், பதினெட்டு வயது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆட்டிசத்தின் அளவைக் கணிக்க இந்தியாவில் உருவாக்கப்பட்ட, 40 கூறுகள் கொண்ட ஐசா அளவுகோலால் மதிப்பிட்டு, அரசு மருத்துவமனையில் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வழங்குகிறார்கள். குறைபாட்டின் அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்ற சலுகைகளுக்கும் இந்தச் சான்றிதழே அடிப்படை. சான்றிதழ் வாங்கினால் எதிர்காலத்தில் முத்திரை விழும் என்று தயங்குபவர்கள் பலர். வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை. ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகள் உள்ளோருக்கான மத்திய அரசு அமைப்பாகிய தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. பழைய வருமானவரி முறையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளியான பிள்ளையைப் பராமரிப்பதற்கான வரிக் கழிவு கோரலாம்.

பலரும் அறியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் என்ற முறையில் தானாக இருந்துவந்த காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவச் சம்மதம் ஆகியவற்றில் துணை தேவைப்படும் பிள்ளை என்றால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் ஆணை பெற வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் பிள்ளையின் விருப்பத்தை அதற்குத் தெரிந்த தொடர்பு முறையில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் காப்பாளர் தேவைப்படாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பதினேழாவது வயதிலேயே சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.